கெர்பரோஸ் உள்நுழைவு: கிளை மெஷின் ஆப்பில பாஸ்வேர்ட் பெட்டி வைக்கிறது சரியா? (ஜாவா, போஸ்ட்கிரெஸ், சாம்பா டொமைன்)

ஒலுவில் காற்று

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி. பொறுமையா வாசிச்சு உதவுங்க.

நெல் வாங்குற ஒரு நிறுவனத்துக்கு டெஸ்க்டொப் ஆப் ஒண்டு எழுதிக்கொண்டிரிக்கன். தலைமைக் கந்தோர் கல்முனையில. சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் மூணு இடத்திலயும் கிளை இரிக்கி. லொறி வந்ததும் நிறுவை, ஈரப்பதம், விலை எல்லாம் பதிஞ்சு விவசாயிக்குப் பற்றுச்சீட்டு அடிச்சுக் குடுக்கிறதுதான் ஆப்புட வேலை. ஜாவாவில எழுதினது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், உபுண்டு சேர்வர்ல ஓடுது. எல்லா யூசர் கணக்கையும் வச்சிரிக்கிற டொமைன் கன்ட்ரோலர் சாம்பா. கிளைகள் விபிஎன்ல வருது.

இப்ப வரைக்கும் எல்லா மெஷினுக்கும் ஒரே டேட்டாபேஸ் யூசர்தான். பாஸ்வேர்ட் கொன்ஃபிக் ஃபைல்ல அப்படியே எழுதிக் கிடக்கு. ஒரு கிளார்க் வேலையை விட்டுப் போனா எல்லாக் கிளையிலயும் அதை மாத்தணும். விலையைத் திருத்தினது யார் எண்டு லொக்ல பார்த்தா எல்லா வரியிலயும் ஒரே பேர். விவசாயி வந்து நிண்டு "என்ட நெல்லுக்கு ஏன் விலை குறைஞ்ச?" எண்டு கேட்டா காட்டுறதுக்கு ஒரு ஆதாரமும் இல்ல. அதுக்காகத்தான் கெர்பரோஸுக்கு மாறுறம், ஒவ்வொரு ஆளும் தன்ட டொமைன் பேர்ல டிக்கட் எடுத்து உள்ள வாற முறை அது.

செய்து வச்சிரிக்கிறது இதுதான்: ஆப் திறந்ததும் ஒரு பெட்டி வரும். டொமைன் யூசர் பேரும் பாஸ்வேர்டும் போடணும். ஜாவாட கெர்பரோஸ் லொகின் மொட்யூல் டிக்கட் எடுக்கும். டிக்கட் கிடைச்சா ஆள் சரி, மெயின் ஸ்கிரீன் திறக்கும். பிறகு அதே டிக்கட்டால போஸ்ட்கிரெஸுக்கு ஜிஎஸ்எஸ் (ஆப்கள் கெர்பரோஸைப் பாவிக்கிற இடைமுகம்) வழியாப் போகும். லைன் விழுந்தா ஆப் மெஷின்லயே பதிஞ்சு வச்சு, லைன் வந்ததும் அனுப்பும்.

கல்முனையில நல்லா ஓடுது. சம்மாந்துறையில "சேர்வர் நொட் ஃபவுண்ட் இன் கெர்பரோஸ் டேட்டாபேஸ்" எண்டு வருது. பொத்துவில்ல "க்ளொக் ஸ்க்யூ டூ கிரேட்". ஆனா பொத்துவில் மெஷின்ட மணி சரியாத்தான் காட்டுது, போனோட வச்சுப் பார்த்தம். விண்டோஸ் லொகினும் அங்க பிரச்சினையில்லாமப் போகுது. ஆப் மட்டும்தான் மறுக்குது.

இந்த ரெண்டும் ஏன் வருது? அதோட, நான் வச்சிரிக்கிற வடிவமைப்பு சரியா?

கல்லடிப் பாலம்

தங்கச்சி, கேட்ட விதம் நல்லா இருக்கு. எரர் வசனத்தை அப்படியே போட்டிருக்கிறீங்க, அதால பாதி வேலை முடிஞ்சு.

ரெண்டு விபரம் வேணும். சம்மாந்துறை மெஷின்ட கொன்ஃபிக்ல டேட்டாபேஸ் சேர்வரைப் பேர்ல குடுத்திருக்கா, ஐபி எண்ணிலயா? பொத்துவில் மெஷின்ட டைம் சோன் என்ன? மணியை விடுங்க, சோனைப் பாருங்க.

கடைசியாக் கேட்ட கேள்விதான் மூணுலயும் பெரிசு. அதைப் பிறகு தனியா எழுதுறன்.

ஒலுவில் காற்று

சம்மாந்துறையில ஐபிதான் அண்ணன். அங்க ரவுட்டர் கூகுள்ட 8.8.8.8ஐத்தான் டிஎன்எஸ்ஸாக் (பேரை ஐபியா மாத்துற சேர்வர்) குடுக்குது, நம்மட சேர்வர் பேர் அதுக்குத் தெரியாது. அதால ஐபியைப் போட்டம்.

பொத்துவில்ல சோன் டாக்கா எண்டு கிடக்கு, பிளஸ் 6.00.

மருதமுனைத் தறி

பொத்துவில் கதை அதுலயே முடிஞ்சு.

கெர்பரோஸ் உள்ளூர் மணியைப் பார்க்கிறதில்ல. செய்திக்குள்ள போற நேரம் எல்லாம் யுடிசி (உலகப் பொது நேரம்). சோன் பிளஸ் 6.00 எண்டு கிடக்கக்குள்ள யாரோ மணியைக் கையால இலங்கை நேரத்துக்கு மாத்தியிரிக்காங்க. சுவர் மணிக்கூடும் மெஷினும் 10.00 எண்டு காட்டும். உண்மையான யுடிசி 4.30. அந்த மெஷின் நினைக்கிற யுடிசி 4.00. அரை மணித்தியாலம் பின்னால நிக்குது. கெர்பரோஸ் வழமையா விடுற இடைவெளி 5 நிமிசம்.

இந்த அரை மணிக் குழப்பம் நம்மட நாட்டுக்குப் புதிசில்ல. 1996இல பிளஸ் 6.30க்குப் போய், அதே வருசம் 6.00க்கு வந்து, 2006 ஏப்ரல் 15இலதான் திரும்ப 5.30க்கு வந்த. விண்டோஸ்ல நம்மட சோனுக்குப் பேர் ஸ்ரீ ஜயவர்தனபுர. கொழும்பு எண்டு தேடினாக் கிடைக்காது, அதால ஆக்கள் கைக்கு வந்த ஒண்டைத் தெரிவு செய்து போட்டு மணியை மட்டும் சரிக்கட்டுறாங்க.

செய்யிற வேலை: சோனை மாத்துங்க, பிறகு டபிள்யூ32டிஎம் கட்டளையில ரீசிங்க் குடுங்க. டொமைன்ல சேர்ந்த மெஷின் டொமைன் கன்ட்ரோலர்ட்ட இருந்துதான் நேரம் எடுக்கும், அதுக்கு யுடிபி 123 விபிஎன்ல திறந்திரிக்கணும். கரண்ட் போய் வந்தாப் பிறகு மணி பழைய வருசத்துக்குப் போகுதெண்டா மதர்போர்ட்ல இரிக்கிற சிஆர்2032 பற்றரி செத்துப்போயிற்று, அதையும் மாத்துங்க. 2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின காலத்தில கிழக்கு முழுக்க இந்தப் பிரச்சினையைப் பார்த்தம்.

ஒலுவில் காற்று

சோனை மாத்தி ரீசிங்க் பண்ணச் சொல்லிப் போன்ல சொன்னன் நானா. பொத்துவில் திறந்திட்டு, ஜஸாக்கல்லாஹ் ஹைரா. ஆனா விளங்காத ஒண்டு: விண்டோஸ் லொகின் மட்டும் எப்படி அரை மணி பிந்தியும் வேலை செய்த?

கல்லடிப் பாலம்

கேடிசி (டிக்கட் குடுக்கிற சேர்வர், இங்க டொமைன் கன்ட்ரோலர்தான்) "உன்ட நேரம் பிழை" எண்டு மறுக்கக்குள்ள தன்ட நேரத்தையும் சேர்த்துத்தான் அனுப்பும். விண்டோஸ் அதைப் பார்த்துத் தன்ட கணக்கைத் திருத்தி, திரும்பக் கேட்கும். எம்ஐடி (கெர்பரோஸை உண்டாக்கின அமெரிக்கப் பல்கலைக்கழகம்) லைப்ரரியும் இப்படி ஒரு திருத்தம் வச்சிருக்கு. ஜாவாட சொந்தக் கெர்பரோஸ் அப்படிச் செய்யாது, மெஷின் சொன்ன நேரத்தையே நம்பி அனுப்பும். அதாலதான் ஒரே மெஷின்ல விண்டோஸ் போகுது, ஆப் நிக்குது. இதை மனசில வைங்க, கீழ திரும்ப வரும்.

இப்ப சம்மாந்துறை. கெர்பரோஸ்ல டிக்கட் குடுக்கிறது ஒரு பேருக்கு. ஆப் டேட்டாபேஸுக்குப் போகக்குள்ள கிளையன்ட் லைப்ரரி "போஸ்ட்கிரெஸ், சரிவுக் கோடு, சேர்வர்ட முழுப் பேர்" எண்டு ஒரு சேவைப் பேரை உண்டாக்கி, அந்தப் பேருக்கு டிக்கட் தா எண்டு கேடிசியிட்டக் கேட்கும். நீங்க ஐபியைக் குடுத்தா அந்த எண்ணையே வச்சுப் பேர் உண்டாகும். அப்படி ஒரு பேர் கேடிசியில பதியப்படல்ல. "சேர்வர் நொட் ஃபவுண்ட்" எண்டது சேர்வர் விழுந்திட்டு எண்ட கதையில்ல, நீ கேட்ட பேர்ல என்னட்ட ஆருமில்ல எண்டு கேடிசி சொல்லுது. பிங் போகும், போர்ட் 5432உம் திறந்திருக்கும், அதையெல்லாம் சோதிச்சுக்கொண்டிருந்தா நாள்தான் போகும்.

பேர் விசயத்தில பார்க்க வேண்டியது:

கிளை மெஷின்ட டிஎன்எஸ் டொமைன் கன்ட்ரோலரா இருக்கவேணும். 8.8.8.8ஐ ரவுட்டர்ல வச்சுக்கொண்டு டொமைன் நடத்த ஏலாது, கேடிசி எங்க இருக்கு எண்டதே டிஎன்எஸ்ல உள்ள எஸ்ஆர்வி பதிவாலதான் தெரியவருது. விபிஎன் ஏறக்குள்ள டிஎன்எஸ்ஸையும் சேர்த்துத் தள்ளச் சொல்லுங்க. வெளி இணையத்துக்கு சாம்பாவில ஃபோவார்டர் வைக்கலாம்.

டேட்டாபேஸுக்கெண்டு டொமைன்ல தனிக் கணக்கு ஒண்டு. எழுந்தமான நீளப் பாஸ்வேர்ட். அதுல எஸ்பிஎன்னை (மேல சொன்ன சேவைப் பேர்) ஏத்தி, சாம்பா-டூலால கீடேப்பை (அந்தக் கணக்குட சாவி உள்ள ஃபைல்) எடுத்து டேட்டாபேஸ் சேர்வர்ல வைங்க. போஸ்ட்கிரெஸ் யூசர் மட்டும் வாசிக்கிற மாதிரி 0600 அனுமதி. கீடேப் எண்டது பாஸ்வேர்ட் மாதிரியே பெறுமதியான சாமான். வட்ஸப்ல அனுப்பாதீங்க, யுஎஸ்பியில போட்டு மேசையில விடாதீங்க.

ஒரே எஸ்பிஎன் ரெண்டு கணக்கில இருக்கக் கூடாது. அந்தக் கணக்குட பாஸ்வேர்டை ஆராவது மாத்தினா கேவிஎன்ஓ (சாவிட பதிப்பு) இலக்கம் கூடும், பழைய கீடேப் செல்லாது, புதுசா எடுக்கவேணும். ரியல்ம் பேரை (கெர்பரோஸ்ல டொமைனுக்கு உள்ள பேர்) எல்லா இடத்திலயும் கெப்பிட்டல் எழுத்தில எழுதுங்க. லினக்ஸ் பக்கம் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் வேற வேற பேர்.

அக்கரைப்பற்றுச் சந்தி

டிஎன்எஸ்ஸை மாத்துறது நெட்வேர்க் ஆக்கள்ட கையில. அது நடக்கிறதுக்குள்ள அறுவடை முடிஞ்சிரும். மெஷின்லயே பேரையும் ஐபியையும் எழுதி வைக்கிற ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல ஒரு வரி எழுதிவிட்டா இண்டைக்கே ஓடும்.

அதோட அந்தப் பாஸ்வேர்ட் பெட்டி நல்லது எண்டுதான் நான் நினைக்கன். ஆள் ஆர் எண்டு ஆப் தன்ட கையால பார்த்துக்கொள்ளுது. அதுல என்ன பிழை?

கல்லடிப் பாலம்

ஹோஸ்ட்ஸ் ஃபைல் அவசரத்துக்கு ஓடும், மறுக்கல்ல. அதுல முழுப் பேரை முதல்ல எழுதவேணும், சுருக்கப் பேர் முதல்ல நிண்டா சேவைப் பேர் பிழைக்கும். சேர்வர்ட ஐபி மாறினா எல்லா மெஷினுக்கும் திரும்பப் போகவேணும். அறுவடை முடியும் வரைக்கும் எண்டு திகதி போட்டு வையுங்க.

பாஸ்வேர்ட் பெட்டிக்கு வாறன். இதை ஆறுதலா வாசியுங்க, ஏனெண்டா கெர்பரோஸ் போட்டம் எண்டு நம்பிக்கொண்டு அதுட பாதுகாப்பை முழுசாக் கழட்டி வைக்கிறது இந்த இடத்திலதான்.

ஆப் என்ன செய்யுது? யூசர் பேரைக் கேடிசிக்கு அனுப்புது. கேடிசி ஒரு பதில் தருது. அந்தப் பதில் அந்த யூசர்ட பாஸ்வேர்ட்ல இருந்து வாற சாவியால பூட்டப்பட்டிருக்கு. தட்டச்சுச் செய்த பாஸ்வேர்டால அது திறபட்டா "ஆள் சரி" எண்டு ஆப் முடிவெடுக்குது. நல்லா யோசியுங்க, இதுல கேடிசி உண்மையான கேடிசிதான் எண்டு ஆர் பார்த்தது? ஒருத்தரும் பார்க்கல்ல. அதே நெட்வேர்க்ல ஒருத்தன் தன்ட லெப்டொப்ல பொய்க் கேடிசி ஒண்டை ஓட்டி, டிஎன்எஸ்ஸைத் தன்ட பக்கம் திருப்பிவிட்டான் எண்டு வையுங்க. மனேஜர்ட பேரைப் போட்டு, தனக்குத் தெரிஞ்ச ஏதோ ஒரு சொல்லைப் பாஸ்வேர்டாப் போடுறான். அவன்ட கேடிசி அதே சொல்லால பூட்டின பதிலைத் தருது. திறபடும். ஆப் அவனை மனேஜர் எண்டு உள்ள விடும். தன்ட நெல்லைத் தானே நிறுத்து, தானே துண்டெழுதி, தானே சரி பார்க்கிற வேலை இது.

இது கற்பனையில்ல. எம்ஐடி லைப்ரரியில இதைத் தடுக்கிறதுக்கெண்டே ஒரு சரிபார்ப்பு இருக்கு: கிடைச்ச டிக்கட்டை வச்சு இந்த மெஷின்ட கீடேப்புக்கு இன்னொரு டிக்கட் எடுத்து, அது உண்மையில திறபடுதா எண்டு பார்க்கும். பொய்க் கேடிசிக்கு மெஷின்ட சாவி தெரியாது, அங்க பிடிபடும். ஜாவாட லொகின் மொட்யூல் அதைத் தானாச் செய்யிறதில்ல.

ஆப் டேட்டாபேஸுக்குப் போகக்குள்ள மட்டும் இந்த ஓட்டை அடைபடும். போஸ்ட்கிரெஸ் தன்ட கீடேப்பால சேவை டிக்கட்டைத் திறந்து பார்க்குது, பொய் டிக்கட் அங்க நிக்கும். ஆனா தங்கச்சி எழுதினதைத் திரும்பப் பாருங்க. டிக்கட் கிடைச்ச உடனேயே மெயின் ஸ்கிரீன் திறக்குது. லைன் இல்லாட்டி மெஷின்லயே பதியுது. அப்ப பொய்க் கேடிசியோட உள்ள வந்தவன் டேட்டாபேஸைத் தொடாமலே மனேஜர் பேர்ல விலை போட்டு மெஷின்ல வச்சிட்டுப் போவான். பிறகு லைன் வர, அடுத்த கிளார்க் உள்ள வர, அது சேர்வருக்குப் போகும். விவசாயிக்கு ஆதாரம் காட்டவேணும் எண்டுதானே இந்த வேலையையே தொடங்கின நீங்க? அந்த ஆதாரமே பொய்யாகும்.

அதால நான் சொல்லுறது இதுதான்: கிளையன்ட் ஆப் பாஸ்வேர்டைக் கண்ணாலயும் பார்க்கக் கூடாது. விண்டோஸ்ல ஆள் ஏற்கெனவே உள்நுழைஞ்சிருக்கு, டிக்கட் விண்டோஸ்ட கையில இருக்கு. ஆப் அதைப் பாவிச்சு நேரா டேட்டாபேஸுக்குப் போகட்டும். ஆள் ஆர் எண்டதை டேட்டாபேஸ் சொல்லட்டும், ஆப் அதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அக்கரைப்பற்றுச் சந்தி

ஓட்டை எங்க எண்டு இப்பதான் விளங்கின, சரி. ஆனா கிளை எப்படி இரிக்கி எண்டு தெரியாமப் பேசாதீங்க அண்ணன். கவுண்டர்ல ஒரு மெஷின். மூணு கிளார்க். பெரும்போக அறுவடை நேரம் மாசி, பங்குனியில லொறி றோட்டு வரைக்கும் நிக்கும். ஒருத்தர் தொழுகைக்குப் போவார், மற்றவர் வந்து இருப்பார். ஒவ்வொருக்காவும் விண்டோஸ்ல இருந்து வெளியேறி உள்ளேறுறதுக்கு எந்தக் கிளார்க்குக்குப் பொறுமை இரிக்கி? எல்லாரும் ஒரு விண்டோஸ் லொகின்லயே இருப்பாங்க, எல்லாப் பற்றுச்சீட்டும் ஒருத்தர் பேர்ல விழும். அப்ப உங்கட ஆதாரம் எங்க?

கல்லடிப் பாலம்

நீங்க சொல்லுறது சரி, கவுண்டரை மறந்துபோட்டு வடிவமைச்சா ஒண்டும் நிலைக்காது.

ஆனா ஒரு விசயம். கெர்பரோஸ் பிறந்ததே இப்படிப்பட்ட இடத்திலதான். எம்ஐடியில 1983இல தொடங்கின அதீனா திட்டத்தில பொது அறைகள்ல மெஷின்கள் கிடக்கும், எந்த மாணவரும் எந்த மெஷின்லயும் வந்து இருப்பார். மெஷினை நம்ப ஏலாது, இடையில உள்ள வயரையும் நம்ப ஏலாது. நீடமும் ஷ்ரோடரும் 1978இல எழுதின நெறிமுறையை அடியாக வச்சு, நேர முத்திரையைச் சேர்த்து, பாஸ்வேர்ட் வயர்ல போகாத ஒரு முறையை உண்டாக்கினாங்க. இண்டைக்கு நாம பாவிக்கிற 5ஆம் பதிப்பு 1993இல வந்து, 2005இல ஆர்எஃப்சி எண்ட இணையத் தர ஆவணம் 4120ஆத் திருத்தப்பட்டது. ஒரு மெஷின், பல ஆள் எண்டது அதுக்குப் புதுப் பிரச்சினையில்ல.

உங்கட கவுண்டருக்கு ரெண்டு வழி. ஒண்டு, விண்டோஸ்லயே யூசர் மாத்துறது. மற்ற ஆள்ட அமர்வு பின்னால திறந்தபடி கிடக்கும், முழுசா வெளியேறத் தேவையில்ல. ரெம் போதுமெண்டா இதுதான் நல்லது.

அது சரிவராட்டி, சரி, பெட்டி வையுங்க. ஆனா இப்படி: பாஸ்வேர்டை வாங்கி டிக்கட் எடுத்த உடனே நினைவகத்தில இருந்து அழியுங்க. டிக்கட்டையும் நினைவகத்தில மட்டும் வையுங்க, டிஸ்க்ல ஃபைலா எழுதாதீங்க. டிக்கட் கிடைச்சது எண்டதை உள்நுழைவா எடுக்காதீங்க. டேட்டாபேஸ் சேவை டிக்கட்டை ஏத்துக்கொண்டு, "நீ இன்ன ஆள்" எண்டு பதில் தந்தாப் பிறகுதான் மெயின் ஸ்கிரீன் திறக்கவேணும். கொஞ்ச நேரம் கை படாட்டி டிக்கட்டை அழிச்சுப் பெட்டிக்குத் திரும்பவேணும். லைன் இல்லாத நேரப் பதிவை இந்தப் பெட்டியால திறக்கவே கூடாது, அது விண்டோஸ் லொகின்ல உள்ள ஆள்ட பேர்ல மட்டும்தான்.

பாசிக்குடா

ஜாவாப் பக்கத்தை நான் சொல்லுறன், இதுல கைபட்டுப் பழகியிருக்கன்.

விண்டோஸ்ட டிக்கட்டை ஜாவா எடுக்கிறதுக்குப் பழைய வழி ஒண்டு இணையத்தில எல்லா இடத்திலயும் கிடக்கு: ரெஜிஸ்ட்ரியில அலவ்-டிஜிடி-செஷன்-கீ எண்ட பெறுமதியை 1 ஆக்கு எண்டு. அதைச் செய்யாதீங்க. அது தாய் டிக்கட்டுட (மற்ற டிக்கட்டெல்லாம் எடுக்க உதவுறது) சாவியை ஆப்களுக்குத் திறந்து குடுக்கிற வேலை. கிரெடென்ஷியல் கார்ட் (விண்டோஸ்ட சாவிப் பாதுகாப்பு) போட்ட மெஷின்ல அது வேலையும் செய்யாது.

ஜாவாவை டேட்டாபேஸோட இணைக்கிற போஸ்ட்கிரெஸ்ட ஜேடிபிசி ட்ரைவர்ல ஜிஎஸ்எஸ்-லிப் எண்டு ஒரு அமைப்பு இருக்கு. அதுக்கு எஸ்எஸ்பிஐ (விண்டோஸ்ட சொந்த உள்நுழைவு இடைமுகம்) எண்டு குடுங்க, அதை ஜாவாவில இருந்து கூப்பிடுற வஃபிள் லைப்ரரியைச் சேருங்க. அப்ப ஜாவாட சொந்தக் கெர்பரோஸ் ஒதுங்கும், விண்டோஸே டிக்கட் வேலையைப் பார்க்கும். கல்லடி அண்ணன் மேல சொன்ன நேரத் திருத்தமும் அதோட சேர்ந்து கிடைக்கும். இதுல ஒரு இடம் கவனம்: எஸ்எஸ்பிஐ சேவை வகுப்பு இயல்பாப் பெரிய எழுத்தில போஸ்ட்கிரெஸ் எண்டு இருக்கும். கீடேப்ல சின்ன எழுத்தில போட்டிருந்தா ட்ரைவர் அமைப்பையும் அப்படியே மாத்துங்க, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

ஜேடிகே 13இல இருந்து விண்டோஸுக்கு நேட்டிவ் ஜிஎஸ்எஸ் பாலம் ஒண்டும் உள்ளேயே வருது. அதுவும் எஸ்எஸ்பிஐயைத்தான் கூப்பிடுது. போஸ்ட்கிரெஸுக்கு நான் வஃபிளையே விரும்புறன், ட்ரைவர் ஆவணத்தில நேரா உள்ள வழி அது.

சேர்வர்ல, ஆர் எப்படி உள்ள வரலாம் எண்டு எழுதுற பிஜி-எச்பிஏ ஃபைல்ல ஹோஸ்ட்-எஸ்எஸ்எல் வரியில முறையை ஜிஎஸ்எஸ் எண்டு போடுங்க. அடையாளம் கெர்பரோஸால, மறைப்பு டிஎல்எஸ்ஸால. பழைய பொது யூசருக்கு உரிய வரியை எடுத்துவிட மறக்காதீங்க. அது கிடந்தா இவ்வளவு வேலையும் வீண். ரியல்மை வெட்டி யூசர் பேரை மட்டும் எடுக்கிறதெண்டா, கேஆர்பி-ரியல்ம் அமைப்பையும் சேர்த்துப் போடுங்க. இல்லாட்டி நாளைக்கு இன்னொரு ரியல்மோட நம்பிக்கை ஏற்படுத்தினா அங்க உள்ள அதே பேர்க்காரனும் உள்ள வருவான். டொமைன்ல பேர் பெரிய எழுத்தில தொடங்கி, போஸ்ட்கிரெஸ் ரோல் (டேட்டாபேஸ் யூசர்) சின்ன எழுத்தில இருந்தா ஆள் பொருந்தாது, பிஜி-ஐடென்ட் வரைபடத்தில சரிக்கட்டலாம்.

போஸ்ட்கிரெஸ் 14இல இருந்து இணைப்பு லொக்ல எந்த அடையாளத்தோட, எந்த முறையில உள்ள வந்தார் எண்டு தனி வரி விழும். நீங்க தேடின ஆதாரம் அதுதான்.

ஒலுவில் காற்று

எல்லாருக்கும் நன்றி. செய்து பார்த்ததை எழுதுறன்.

பெட்டியை எடுத்துப்போட்டு எஸ்எஸ்பிஐக்கு மாறின. கல்முனையும் பொத்துவிலும் உடனே ஓடிச்சு. கேலிஸ்ட் (மெஷின்ல உள்ள டிக்கட்டைக் காட்டுற கட்டளை) அடிச்சா போஸ்ட்கிரெஸ் சேவை டிக்கட் தெரியுது. மெயின் ஸ்கிரீன் திறக்க முதல் டேட்டாபேஸ்ட்ட "நான் ஆர்?" எண்டு கேட்டு, வாற பேரைத் திரையில மேல காட்டுறன். கிளார்க்மாருக்கு அது பிடிச்சிரிக்கி, தன்ட பேர் தெரியுதாம்.

சம்மாந்துறையில டிஎன்எஸ்ஸைச் சரிப்படுத்தினாப் பிறகு பழைய எரர் போயிற்று, புதுசா ஒண்டு வந்த. சேர்வர் லொக்ல டிக்ரிப்ட் இன்டெக்ரிட்டி செக் ஃபெயில்ட். அக்கரைப்பற்றுக் கவுண்டருக்கு யூசர் மாத்துற வழியைச் சோதிக்கிறம், மெஷின்ல 8 ஜிபி ரெம் இரிக்கி, தாங்குது.

கல்லடிப் பாலம்

டிக்கட்டைப் பூட்டின சாவியும் கீடேப்ல உள்ள சாவியும் ஒண்டில்ல எண்டு அர்த்தம். மெஷின்ல கேலிஸ்ட் பர்ஜ் குடுத்துப் பழைய டிக்கட்டை அழிச்சுப்போட்டுத் திரும்பப் பாருங்க. அதுக்குப் பிறகும் வந்தா, கீடேப்ல உள்ள கேவிஎன்ஓவையும் டொமைன்ல உள்ளதையும் ஒப்பிடுங்க.

அந்த நேரமே சாவி வகையையும் பாருங்க. 18 எண்டா ஏஇஎஸ் 256, நல்லது. 23 எண்டா ஆர்சி4. 2018இல ஆர்எஃப்சி 8429ஆல அது கைவிடப்பட்டது. 23 தெரிஞ்சா சேவைக் கணக்கில ஏஇஎஸ்ஸை இயக்கி, பாஸ்வேர்டை ஒருக்கா மாத்தி, கீடேப்பைப் புதுசா எடுங்க.

ஒலுவில் காற்று

பர்ஜ் குடுத்ததும் சரியாயிற்று அண்ணன். கீடேப்பைப் புதுப்பிச்சது அந்த மெஷின் பழைய டிக்கட் வச்சிருந்த நேரத்தில. வகை 18.

மருதமுனைத் தறி

இன்னொண்டு சேர்க்கன். கிளையில ஆராவது உபுண்டு லெப்டொப் வச்சிருந்தா, விபிஎன்ல கெர்பரோஸ் சில நேரம் தொங்கி நிக்கும், சில நேரம் போகும். ஆள் பல குழுவில இருந்தா டிக்கட் பெருக்கும், யுடிபி பொட்டலம் விபிஎன்ல துண்டாகித் தொலையும். கேஆர்பி5 கொன்ஃப் ஃபைல்ல யுடிபி-பிரிஃபரன்ஸ்-லிமிட் எண்டதை 1 ஆக்கினா எல்லாம் டிசிபியில போகும். டிசிபி 88 ஃபயர்வோல்ல திறந்திரிக்கணும், பாஸ்வேர்ட் மாத்துறதுக்கு 464. அதே ஃபைல்ல ஆர்டிஎன்எஸ்ஸை ஃபோல்ஸ் ஆக்கிவிடுங்க, இல்லாட்டி ஐபியில இருந்து திருப்பித் தேடிப் பிழையான பேரை எடுத்துக்கொண்டு வரும்.

விண்டோஸ் விஸ்டாவில இருந்து டிசிபியைத்தான் பாவிக்குது, அங்க இது தேவையில்ல.

ஒலுவில் காற்று

கடைசிக் கேள்வி. டிக்கட் 10 மணித்தியாலம் எண்டு காட்டுது. அறுவடை நேரம் கவுண்டர் விடிய 6 மணிக்குத் திறந்தா இரவு இஷாவுக்குப் பிறகும் ஓடும். இடையில ஆப் விழுமா?

பாசிக்குடா

திறந்து கிடக்கிற டேட்டாபேஸ் இணைப்பை டிக்கட் முடிஞ்சிட்டு எண்டு போஸ்ட்கிரெஸ் வெட்டாது. இணையக்குள்ள மட்டும்தான் பார்க்கும். பிரச்சினை புது இணைப்பு எடுக்கக்குள்ள. கனெக்ஷன் பூல் (திறந்த இணைப்புகளைச் சேர்த்து வைக்கிறது) வச்சிருந்தா அது பழைய இணைப்பை மூடிப் புதுசு திறக்கிற நேரம் டிக்கட் தேவைப்படும். விண்டோஸ்ல ஆள் உள்ள இருக்கும் வரைக்கும் டிக்கட்டை விண்டோஸே புதுப்பிச்சுக்கொள்ளும், 7 நாள் வரைக்கும் நீடிக்கலாம். அப்படி நடக்காட்டி ஸ்கிரீனை லொக் பண்ணிப் பாஸ்வேர்ட் போட்டுத் திறக்கச் சொல்லுங்க, புதுசு வரும்.

ஆப்ல செய்ய வேண்டியது ஒண்டுதான். இணைப்பு மறுக்கப்பட்டா கிளார்க் அடிச்சுக்கொண்டிருக்கிற பற்றுச்சீட்டைத் தொலைக்காதீங்க. அதை வச்சுக்கொண்டு, "லொக் பண்ணித் திறவுங்க" எண்டு தமிழ்ல தெளிவா ஒரு வசனம் காட்டுங்க. கெர்பரோஸ் எரர் இலக்கத்தைக் கிளார்க்குக்குக் காட்டி ஒரு பிரயோசனமுமில்ல, லொக் ஃபைல்ல மட்டும் எழுதுங்க.

அக்கரைப்பற்றுச் சந்தி

யூசர் மாத்துறதை நம்மட பக்கம் பழக்கிட்டம், கிளார்க்மார் முதல்ல முணுமுணுத்தாலும் இப்ப செய்யிறாங்க. எனக்கும் இதே டொமைன்ல பிரவுசர்ல ஓடுற ஒரு கணக்கு ஆப் இரிக்கி, அதையும் இப்படி மாத்தலாமா?

கல்லடிப் பாலம்

தாராளமா. எச்டிடிபியில நெகோஷியேட் எண்ட முறை அது, எஸ்பிஎன் எச்டிடிபி எண்டு தொடங்கும். அங்க ஒரு அபாயம் கூட: பேர் பிழைச்சாலோ ஐபி போட்டாலோ பிரவுசர் சத்தமில்லாம என்டிஎல்எம் எண்ட பழைய முறைக்கு இறங்கும், வேலை செய்யிற மாதிரியே இருக்கும். புது இழை திறவுங்க. முகவரிப் பட்டையில அடிக்கிற முழுப் பேர், கேலிஸ்ட் வெளியீடு, சேர்வர் கீடேப்ல உள்ள பேர்கள், மூணையும் அதுல போடுங்க. கீடேப்பையே இணைச்சுவிடாதீங்க, பேர்கள் மட்டும்.